மின்சாரம் பாயும் பேக்லைட்!

பழைய கறுப்பு சுவிட்சைப் பயமில்லாமல் தொடலாம். காரணம், அது பேக்லைட். அதில் மின்சாரம் பாயாது. அந்தப் பேக்லைட் இனத்துப் பிசினையே எடுத்து, அதில் மின்சாரத்தைப் பாய வைக்க விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். எல்லாம் எரிபொருள் மின்கலத்துக்காக!

ஹைட்ரஜனையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி இது. புகை கிடையாது. வெளியே வருவது தண்ணீர்தான். 1965-ல் அமெரிக்காவின் ஜெமினி-5 விண்கலத்தில் இது பறந்தது. 2024 ஜனவரி 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் இஸ்ரோவும் ஒன்றை அனுப்பி சோதித்தது.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கப்படும் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.கே.சுக்லா, மெத்தனாலில் ஓடும் மின்கலங்களை ஆராய்ந்தார். பின்னர் அவர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஆனார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான நிலையம் அது.

தகட்டுக்கு என்ன வேலை?

ஒரு கலம் தருவது சுமார் 0.7 வோல்ட். டார்ச் லைட்டுக்குக் கூடப் போதாது. ஆகவே நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். கலத்துக்கும் கலத்துக்கும் நடுவே ஒரு தகடு. மின்சாரத்தை அது கடத்த வேண்டும். இரண்டு வாயுக்களையும் கலக்க விடக்கூடாது. இரும்புத் தகடு என்றால் உள்ளே இருக்கும் அமில ஈரத்தில் அரித்துவிடும். கிராஃபைட் அரிக்காது. ஆனால் பென்சில் குச்சி போல உடையும். அதில் வாய்க்கால் கடைவதற்கும் செலவு அதிகம்.

எனவே கிராஃபைட் பொடியைப் பிசினில் கலந்து, டையில் போட்டு, சூடாக அழுத்துகிறார்கள். இங்கேதான் சங்கடம். கூட்டமான சிவாஜிநகர் பஸ்சில் டிக்கெட் காசு கைமாறிக் கைமாறி கண்டக்டரிடம் போய்ச் சேரும். நடுவே ஆள் இல்லாவிட்டால் போகாது. கிராஃபைட் துகள்களும் அப்படியே. ஒன்றை ஒன்று தொட்டால்தான் மின்சாரம் பாயும். அதனால் எடையில் முக்கால் பங்குக்கு மேல்கூடப் பொடியைப் போடுகிறார்கள். பொடி கூடினால் தகடு நொறுங்கும், மாவு டையில் ஓடாது. பிசின் கூடினால் தகடு உறுதி, மின்சாரம் மட்டும் போகாது!

இன்னொரு வம்பும் உண்டு. அழுத்தும்போது கிராஃபைட் செதில்கள் படுத்துக்கொள்கின்றன. நீளவாட்டில் மின்சாரம் தாராளமாகப் போகிறது. தேவையோ, தகட்டின் குறுக்கே. இதற்காகக் கார்பன் கரியையும் நுண்ணிய கார்பன் குழாய்களையும் இடைவெளியில் நுழைத்துப் பார்க்கிறார்கள். மேலே படியும் பிசின் தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பதும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள ஆராய்ச்சி மையம், கிராஃபைட்டை உப்ப வைத்து, அதை அழுத்தித் தகடாக்கும் முறையில் இறங்கியது.

மூன்று ஷிப்டும் போதாது

பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டா கிர்லோஸ்கர், 2022-ல் 'மிராய்' ஹைட்ரஜன் காரை இந்தியாவில் சோதனைக்குக் கொண்டுவந்தது. அதில் 330 கலங்கள். தகடு டைட்டானியம். விலை கேட்கவே வேண்டாம்!

பிசின் தகடு மலிவு. ஆனால் அது டையில் இறுக நேரம் பிடிக்கும். தகடு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், 330 தகட்டுக்கு ஒரு பிரஸ் இருபத்தேழரை மணி நேரம் ஓட வேண்டும். ஒரே ஒரு காருக்கு! உருக்கி ஊற்றும் பிளாஸ்டிக்கில் வேலை வினாடிக் கணக்கில் முடியும். இவ்வளவு பொடியைச் சுமந்துகொண்டு அது டையின் மூலை வரை ஓட வேண்டும், அவ்வளவுதான்.