இரவல் கோப்புக்குள் யார் குரல்?

கரைவலை இழுப்பதை ஒரு கேமாகச் செய்யலாம் என்று கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவனுக்கு யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கக் கயிறும் ஒரே கதியில் வர வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும். விளையாட நன்றாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஸ்கிராட்ச் நிரலாக்கம் பழகி, பிறகு யூடியூபைப் பார்த்துக் கொடோ என்ற கேம் செய்யும் மென்பொருள் வரை வந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கை எழுதுவது பெரிய காரியமில்லை. மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகுதான். தோணியை யார் வரைவது? அலைச் சத்தத்துக்கு எங்கே போவது? தனியாளாகக் கேம் செய்பவர் எவருக்கும் மூன்று கை கிடையாது. ஆகவே இரவல்.

இரவலுக்குக் கடைகள் நிறைய உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்டில் இடி, மழை, கதவுக் கிறீச்சு, சந்தை இரைச்சல் எல்லாம் இருக்கின்றன. படங்களுக்கு 2009இல் வந்த ஓபன்கேம்ஆர்ட். கென்னி என்ற பெயரில் இயங்கும் நெதர்லாந்துக்காரர் ஆயிரக்கணக்கான படங்களை, பெயர்கூடப் போட வேண்டாம் என்று சொல்லி, அள்ளிக் கொடுத்திருக்கிறார். பெரிய கம்பனிகளும் இரவலில் வளர்ந்தவைதான். 1993இல் வந்த டூம் கேமில் ஓர் அரக்கன் உறுமுகிறானே, அது விலைக்கு வாங்கிய ஒலித்தொகுப்பிலிருந்த ஒட்டகத்தின் குரல்.

நம் பொடியனும் இறக்குகிறான். 'கடற்கரை' என்று தேடியதும் வந்த முதல் கோப்பில் அலையோடு சேர்ந்து ஐரோப்பியக் கடற்காகம் கீச்சிடுகிறது. கல்முனைக் கரையில் வலை ஏறும் நேரம் காதை அடைப்பது நம்மூர்க் கறுப்புக் காகமும் ஆட்களின் சத்தமும்தான். படத் தொகுப்பில் கிடைத்த தோணியோ பாய்மரம் ஏற்றி வைக்கிங் காலத்திலிருந்து வந்து நிற்கிறது. கேம் ஓடும், ஆனால் எந்தக் கடலிலும் ஓடாது. இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை, பழகப் பழகச் சரியாகிவிடும். இரவலில் இதைவிடக் கனமான சங்கதி ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் உரிமம் பற்றிக் கொஞ்சம். 'இலவசம்' என்பதற்கு இணையத்தில் பல அர்த்தம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. பெயர் போட்டால் போதும் என்பது ஒன்று. வியாபாரத்துக்கு ஆகாது என்பது இன்னொன்று. இதைக் கொண்டு செய்ததையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும் என்பது வேறொன்று. ஸ்கிராட்சில் பகிரும் எதுவும் இந்தக் கடைசி வகையில் தானாகவே போய்ச் சேர்கிறது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. விளம்பரம் போட்டு நாலு காசு பார்த்தாலே வியாபாரம்தான். இன்னொரு தப்பான நம்பிக்கையும் இந்தப் பக்கம் உண்டு: பாடினவர் மௌத்தாகிவிட்டால் பாட்டு பொதுச்சொத்து என்று. நாகூர் ஹனீபா 2015இல் காலமானார். பாட்டை எழுதியவர் உரிமை ஹனீபாவோடு போவதில்லை. இலங்கைச் சட்டப்படி எழுதியவர் வாழ்ந்த காலமும் அதன்பின் 70 ஆண்டும் அது நிற்கும். மெட்டுப் போட்டவருக்கும் அப்படியே. கசட் வெளியிட்ட கம்பனியின் உரிமை இன்னொரு பக்கம்.

இனி அந்தக் கனமான சங்கதி: உரிமத்துக்கு அப்பாலும் மாட்டிக்கொண்ட கேம்கள் உண்டு. கல்முனைக்காரருக்கு உடனே விளங்கும் மூன்று கதைகள் அவை.

1998இல் நின்டெண்டோவின் 'ஒக்கரினா ஒஃப் டைம்' வந்தது. அதில் நெருப்புக் கோயில் என்றொரு கட்டம். அங்கே பின்னணியில் ஆண்கள் கூட்டமாக ஓதும் குரல் கேட்கும். விலைக்கு விற்ற ஒலித்தொகுப்பிலிருந்து எடுத்த இஸ்லாமிய ஓதல் அது. இசை அமைத்தவர்களுக்கு அது அரபு என்பதற்கு மேல் என்ன தெரிந்திருக்கும் என்பது சந்தேகம். மத சங்கதிகள் கேமில் வரக்கூடாது என்பது நின்டெண்டோவின் சொந்த விதி. பிந்திய பதிப்புகளில் அந்தக் குரலை எடுத்துவிட்டு, இயந்திரக் குரலில் ஒரு ஆலாபனையைப் போட்டார்கள்.

மைக்ரோசொஃப்டின் கதை இன்னும் மோசம். 2002 கடைசியில் எக்ஸ்பொக்ஸுக்கு 'கக்குட்டோ சோஜின்' என்ற சண்டைக் கேம் வந்தது. ஒருவனை ஒருவன் அடித்து வீழ்த்தும்போது பின்னணியில் குர்ஆன் ஓதல். வெளியிடுவதற்கு முன்பே உள்ளேயிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டார்கள். சவூதி அரசு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு 2003இல் கேமைச் சந்தையிலிருந்தே தூக்கினார்கள்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2008 ஒக்டோபர், சோனியின் 'லிட்டில்பிக்பிளானட்'. சின்னப் பிள்ளைகளுக்கான கேம், துணிப்பொம்மை துள்ளித் திரியும். அதிலே மாலி நாட்டின் கோரா வாத்தியக் கலைஞர் தூமானி ஜபாத்தேயின் ஒரு பாட்டு. முறையாக அனுமதி வாங்கிய பாட்டு. ஜபாத்தேயும் தொழுகை தவறாத முஸ்லிம். பாட்டுக்குள் குர்ஆனிலிருந்து இரண்டு வரி வருகிறது என்று ஒரு விளையாட்டாளர் சுட்டிக்காட்டினார். கடைக்குப் போன டிஸ்க்குகளைச் சோனி உலகம் முழுவதும் திருப்பி எடுத்து, குரலை நீக்கி மறுபடி வெளியிட்டது. தங்கள் ஊரில் குர்ஆன் வரிகளைப் பாட்டில் எடுத்தாள்வது வழமைதான் என்றார் ஜபாத்தே. திருப்பி எடுத்தது தேவையில்லாத வேலை என்று சொன்ன முஸ்லிம்களும் இருந்தார்கள்.

ஜபாத்தே பக்கம் எனக்குக் குறை தெரியவில்லை. கேம் என்ற சாமானின் இயல்புதான் இடிக்கிறது. பாட்டுக் கேட்பவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்பார், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார். கேமில் ஓசை ஒரு துண்டு. அது சுற்றிச் சுற்றி வரும். பொம்மை குழியில் விழுந்தால் பாதியில் அறுந்து, மறுபடி தொடக்கத்தில் நிற்கும். ஓர் ஆயத்து அப்படி வெட்டுப்பட்டு, ஒரு நாளைக்கு நூறு தடவை பொத்தானோடு விழுந்து எழும்புவதை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகள் பாங்கு சொன்னால் டீவியின் சத்தத்தைக் குறைப்பவை.

ஃப்ரீசவுண்டில் இன்றைக்கும் பாங்கு கிடைக்கிறது. சுற்றுலா வந்தவர் ஹோட்டல் மாடியிலிருந்து போனில் பிடித்தது. உரிமம் முறையாக இருக்கும். யாரோ ஒருவர் அதை எடுத்துப் பாலைவனப் போர்க் கேமில் எதிரியின் ஊருக்கு அடையாளமாக வைப்பார். நமக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் நம் பொடியன்மாரும் பேய் மாளிகைக்குப் பின்னணியாக எதை எடுக்கிறார்கள்? கோயில் மணி, தேவாலயக் கோரஸ், பௌத்த பிரித் ஓதல். ஒரு கோப்பின் பெயர் 'மர்மமான மந்திரம்' என்றிருந்தால் அதற்குள் யார் எதை ஓதுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த நாட்டில் அது கேமோடு முடிகிற சங்கதியும் அல்ல. மொழி விளங்காத குரல் எதையும், விளங்கியவர் ஒருவரிடம் போட்டுக் காட்டாமல் கேமில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. தமிழ், சிங்களம், அரபு மூன்றும் தெரிந்த ஆளைத் தேடி இந்தக் கரையில் அதிக தூரம் போகத் தேவையில்லை.

அப்படியானால் நம் ஓசையை நாமே பிடிக்கலாமே? அதுதான் சரி, பிடிக்க நிறையவும் இருக்கிறது. வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு, பொல்லடியில் கோல்கள் மோதும் தாளம், பக்கீர்மாரின் றபான். றபானைப் பதிய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். நெருப்பில் லேசாக வாட்டிய பிறகு அடித்தால் கணீரென்று வரும். வாட்டுவதற்கு முன்னும் பின்னும் இரண்டையும் பதிந்தால் கேமுக்கு இரண்டு வேறு வாத்தியம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் போனை மேலே தூக்கி வீடியோ எடுக்கிறார்கள். சன இரைச்சலைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்தவர் எத்தனை பேர்? பாட்டுகளின் சொல்லையாவது நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்து வைத்தார்கள். படத்துக்கு மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. சாரனின் கோலம் ஏற்கெனவே கட்டம் கட்டமாகத்தான் நெய்யப்படுகிறது. பிக்சல் படம் வரைகிறவருக்கு அது பாதி முடிந்த வேலை.

நம்முடையதுதானே என்று எடுத்துவிடவும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்றே இருக்கிறது. நாட்டார் பாட்டையோ ஆட்டத்தையோ வியாபாரத்துக்காக, அல்லது அதன் மரபான சூழலுக்கு வெளியே பிரதி செய்தால் உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கும் கற்பித்தலுக்கும் விலக்கு உண்டு. எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதையும் பொதுவில் வைக்கும்போது குறிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். வெளிநாட்டுக் கோப்புக்கு 'ஒலி: இன்னார், உரிமம்: இன்னது' என்று கேமின் கடைசித் திரையில் எழுதுகிறவர், 'பொல்லடித் தாளம்: அக்கரைப்பற்று முஸ்லிம்கள்' என்றும் எழுதத்தான் வேண்டும்.

பொல்லடி ஆடுகிறவர்களிடம் போனை நீட்டுவதற்கு முன் எதற்கென்று சொல்லிவிடுங்கள். பதிந்ததை ஃப்ரீசவுண்டில் ஏற்றி, உரிமை எதுவும் வேண்டாம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு அது எந்தக் கேமில் எந்த அரக்கனின் காலடிச் சத்தமாகும் என்று எவருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டும் என்ற கட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது.