வெண்வால் மானின் மூளைப்புழு

வட அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசக் காடுகளில் துள்ளித் திரியும் வெண்வால் மானைக் கண்டு களிப்பவர்கள், அதன் மூளையைப் போர்த்திய சவ்வுகளுக்கிடையே, நூலிழை போன்று மெல்லியதாய், விரல் நீளத்துக்கு ஒரு புழு குடியிருக்கக்கூடும் என்று கனவிலும் நினைப்பதில்லை; அந்த மானுக்கும் அதனால் பெரும்பாலும் யாதொரு துன்பமும் இல்லை.

ஆனால் அதே புழு, மூஸ் என்னும் பிரம்மாண்டமான மானினத்தின் உடலில் புகுந்துவிட்டால் நேரும் கொடுமை சொல்லுந்தரமன்று. தண்டுவடத்தையும் மூளையையும் அது துளைத்துச் செல்லச் செல்ல, அப்பிராணி தலையை ஒருபுறம் சாய்த்து, கால் தடுமாறி, ஒரே இடத்தில் வட்டமிட்டுச் சுற்றி, மனிதர் அருகே வந்தாலும் அஞ்சி ஓடும் உணர்வற்று, கடைசியில் பின்னங்கால்கள் செயலிழந்து விழுந்து மடிகிறது. நெடுங்காலம் புலப்படாதிருந்த இவ்வியாதியின் காரணம் அந்தப் புழுவே என்பதை, கானடா தேசத்து விஞ்ஞானி ராய் ஆண்டர்சன் 1964-இல் வெளியிட்ட பரிசோதனைகளால் நிரூபித்தார்.

புழுவின் முட்டைகள் ரத்தத்தோடு நுரையீரலை அடைந்து பொரிக்கின்றன. குஞ்சுகள் இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையின்மேல் படியும் கோழையோடு வெளிவந்து, அதன்மீது ஊரும் நத்தையின் பாதத்துக்குள் புகுந்து வளர்ந்து, அந்த நத்தை ஒட்டிய தழையை மேயும் அடுத்த பிராணியைச் சேர்கின்றன. ஆகவே புழுக்கையை நீரில் ஊறவைத்து, அடியில் இறங்கும் குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் தேடுவதே வழக்கமாயிருந்தது. ஆனால் நோய் தொற்றி ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தாலன்றிக் குஞ்சு வெளிவராது. உள்ளிருப்பவை யாவும் ஆண் புழுக்களாயின் ஒருபோதும் வராது. வந்தாலும், அதன் பங்காளிப் புழுக்களின் குஞ்சுகளிலிருந்து பார்வையால் பிரித்தறிய இயலாது. ஐயமறத் தெளிய வேண்டுமானால் மானைக் கொன்று மண்டையைத் திறக்க வேண்டும். உயிரோடிருக்கும் மானுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில்தான் ரத்தப் பரிசோதனை அருமையான உபகாரம் செய்கிறது. 1990-களின் இறுதியில் கானடா விஞ்ஞானிகள், நத்தையில் வளர்ந்த குஞ்சுகள் கசியவிடும் பொருளைச் சேகரித்து, எலிசா முறையில் அதனைச் சிறு குழிகளில் படியவைத்து, மானின் சீரத்தை அதன்மேல் விட்டுப் பார்த்தார்கள். புழுவோடு போராடிய உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அது அங்கே பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சேர்க்கும் ரசாயனத்தால் குழியில் நிறம் தோன்றும். புழுக்கையில் குஞ்சு தென்படுவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே இவ்வறிகுறி கிட்டுகிறது என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

எனினும் எதிர்ப்பொருள், புழு உடலில் புகுந்தது என்று சொல்லுமேயன்றி, இன்னும் அங்கே இருக்கிறதென்று உறுதி கூறாது. தொற்றிய முதல் நாட்களிலோ அதுவும் இராது. எல்க் மான்களைத் தூரதேசக் காடுகளில் குடியேற்ற லாரிகளில் ஏற்றும்போது இதனை மறத்தலாகாது. இப்புழு மேற்குப் பிரதேசங்களில் இன்னும் காலூன்றவில்லை; நோயுற்ற எல்க்கின் புழுக்கையிலும் குஞ்சுகள் வெளிவரக்கூடும்; அவற்றை வளர்க்கும் நத்தைகளோ அங்கும் உண்டு. ஆதலால் ஒருமுறை ரத்தமெடுத்து ‘இல்லை’ என்று வந்த மாத்திரத்தில் அனுப்பிவிடாமல், அவற்றைத் தனியே நிறுத்திவைத்துச் சில வாரங்களுக்குப் பின் மறுபடி சோதித்த பிறகே லாரியில் ஏற்ற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.