புது வீட்டில் கோழி எங்கே அடையும்?



வானூர்ப் பகுதியைச் சேர்ந்த இளந்தம்பதியர் ஒரு மாலை தம் புது வீட்டின் வரைபடத்துடன் என்னிடம் வந்தனர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் அவர்களது கூரை வீடு இடிந்துபோயிற்று. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் வீடு கட்ட முனைந்து, அடிக்கல்லை அர்ச்சிக்க நாள் கேட்டனர். உடன் வந்த பாட்டி வரைபடத்தை உற்றுநோக்கிவிட்டு, “எல்லாம் சரிதான் சாமி, கோழி எங்கே அடையும்?” என்றார்.

“இனிமேல் கோழி எதற்கு ஆயா? கடையில் வாங்கிக்கொள்ளலாம்” என்று பேரன் நகைத்தான். நானும் நகைத்தேன். ஆனால் அக்கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. திருவிழாக்களிலும் திருமணங்களிலும் என் இலைக்கு வரும் கோழி எங்கே வளர்ந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பண்ணை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். குஞ்சு, தீவனம், மருந்து அனைத்தையும் நிறுவனம் தருகிறது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. எடைக்கேற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கும். ஒரு பறவைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதுர அடி. அப்புது வீட்டின் பரப்பில் முந்நூறுக்கு மேற்பட்டவை அடைபடும். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர 21 நாள். அக்குஞ்சு இரண்டு கிலோ எடையோடு கடைக்குச் செல்ல அதன்பின் ஆறு வாரங்களே. அதன் வாழ்வு அவ்வளவுதான்.

ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள் என்று ஊரில் சொல்லப்படுவது உண்மையன்று. தேர்ந்தெடுத்த இனப்பெருக்கமும் மக்காச்சோளம், சோயா கலந்த தீவனமுமே அவ்வளர்ச்சிக்குக் காரணம். மெய்யான கவலை வேறு. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கவேண்டிய கோலிஸ்டின் என்னும் மருந்தைக்கூடப் பறவைகள் விரைந்து வளரத் தீவனத்தில் கலந்து வந்தனர். கிருமிகள் அதற்குப் பழகிவிட்டால் நம் பிள்ளைகளைக் காக்க மருந்திராது. ஆகவே 2019-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தருவதைத் தடைசெய்தது.

பண்ணைக்காரரைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆண்டில் இருமுறை மட்டும் இறைச்சி கண்ட ஏழை வீட்டில் இன்று ஞாயிறுதோறும் குழம்பு மணக்கிறதெனில், அது அவர்கள் உழைப்பின் பயன். வீட்டுக்கோழி வளர்ப்பும் எளிதன்று. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். கீரியும் பருந்தும் வேறு. ஐந்தாறு மாதம் காத்திருந்தாலும் ஒன்றரைக் கிலோ தேறுவது அரிது.

எனினும் ஆயா தம் கோழியை அறிவார். அது அடைகாத்த நாளையும், குஞ்சுகளைக் கொடாப்பில் கவிழ்த்த மாலைகளையும் அறிவார். விருந்தினருக்காக அதை அறுக்கும்போது ஒரு கணம் தயங்குவார். கடையில் தராசைப் பார்த்து நிற்கும் நமக்கு அத்தயக்கம் இல்லை. நாம் இழந்தது அதுவே என்று எண்ணுகிறேன்.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காதே, அதைப் போகவிடு என்கிறது 6, 7 வசனங்களின் சட்டம். அடுத்த வசனம், புது வீடு கட்டுகிறவன் மாடியில் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. பலமுறை வாசித்தும் இவை அடுத்தடுத்து நிற்பதை நான் கவனித்ததில்லை. உண்பதிலும் ஓர் எல்லை வேண்டும், கட்டுவதிலும் பிறருயிர் பற்றிய நினைவு வேண்டும் என்பதே இரண்டின் பொருளும்.

அடிக்கல் நாட்டும் நாளில் இதைத் தம்பதியரிடம் சொன்னேன். கொத்தனார் சற்றுச் சிந்தித்து, வெளிப்புற மாடிப்படியின் கீழே நான்கடி இடத்தைக் கம்பிவலைக் கதவிட்டு ஒதுக்கலாம் என்றார், செலவு சொற்பமே. விற்கவிருந்த மூன்று பெட்டைகளையும் ஆயா நிறுத்திக்கொண்டார். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுவரும் பொறுப்பு பேரனுடையதாயிற்று.

மூன்று பெட்டைகள் ஒரு குடும்பத்தின் இறைச்சித் தேவையை நிறைவுசெய்யா. கடைக்கும் செல்வார்கள், நானும் இலையில் வைப்பதை உண்பேன். ஆனால் வாரந்தோறும் வாங்குவோர் மாதம் இருமுறையாக்கலாம். எங்கே வளர்ந்தது என்று கடைக்காரரைக் கேட்கலாம். எலும்போடு சோற்றையும் குப்பையில் கொட்டாதிருக்கலாம். வீடு கட்ட வரைபடம் போடுவோர், கணினி மேசைக்கு இடம் ஒதுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு, என்னைப்போல், உடனே நகைத்துவிடாதீர்கள்.