வீடு வழிபாட்டுத் தலமாகும்போது

கடலூர் மாவட்டத்தில், வடக்குத்துக்குப் பக்கத்தில் வடலூர். வடலூரை அடுத்து மேட்டுக்குப்பம். அங்குள்ள சித்திவளாகம் முதலில் வைணவ ஆசாரியார்கள் வந்து தங்கிச் செல்வதற்கான திருமாளிகையாக இருந்தது. 1870-இல் வள்ளலார் அதில் குடியேறிப் புதுப் பெயர் சூட்டினார். 1873 அக்டோபரில் சன்மார்க்கக் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 அன்று அதன் அறை ஒன்றுக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் அந்தத் திருஅறையைத் தரிசிக்க இன்றும் ஊர் ஊராக மக்கள் திரள்கிறார்கள்.

அப்படி இன்று ஒரு வீட்டையோ கல்யாண மண்டபத்தையோ கோயிலாக, பள்ளிவாசலாக, ஜெபக்கூடமாக மாற்ற நினைப்பவர் முதலில் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகளே சொல்லின. பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். வீட்டுப் பூஜையறையில் குடும்பத்தோடு கும்பிடுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. வெளியார் வாராவாரம் வந்து கூடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நெய்வேலி நகரியக் குடியிருப்புகளின் நிலை வேறு. வீடு என்.எல்.சி. நிறுவனத்துடையது, குடியிருப்பவர் அதன் பயன்பாட்டை மாற்ற முடியாது.

1991-ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டத்தைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு மதத்தின் அல்லது மதப் பிரிவின் தலத்தை இன்னொன்றின் தலமாக மாற்றுவதைத்தான் அது தடுக்கிறது. வீடு தலமாவதை அது தொடுவதில்லை.

அனுமதி, ஆட்சேபம் என்று பேசும் அளவுக்குத் தளத்தின் பலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கினால் போதும். நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கோ சுமார் 500 கிலோ தேவை. இடைச்சுவரை இடித்து மாடியை ஒரே கூடமாக்கி, நூறு பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. குறுகலான ஒற்றைப் படிக்கட்டும் ஆபத்து.

அடுத்தது சத்தம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத்தமிழர்களின் காமாட்சி அம்பாள் வழிபாடு 1989-இல் ஒரு வீட்டின் நிலவறையில்தான் தொடங்கியது. தேர்த்திருவிழாக் கூட்டம் பெருகியதும் அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். பேசித் தீர்த்து, நகர் ஓரத் தொழிற்பகுதியில் இடம் பிடித்து, 2002-இல் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். அம்பாளுக்கும் இடம் கிடைத்தது, அண்டை வீட்டாருக்கும் தூக்கம் கிடைத்தது.

இங்கே அப்படி நடக்க, ஆட்சியர் அலுவலகமும் தன் பங்கைச் செய்தாக வேண்டும். காவல், வருவாய்த் துறைகளின் அறிக்கைக்காக மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவது, அனுமதியின்றி நடத்துங்கள் என்று தூண்டுவதற்குச் சமம். மறுப்பதானால் காரணத்தை எழுதி மறுக்கட்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் மனுதாரர் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாட முடியும்.