வரவிருக்கும் கார்கள் பற்றிய ஊகங்களும் சென்னையின் ஸ்டாண்டர்டு 2000 காரும்

புதிய கார் ஒன்று விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் தோற்றம், விலை, எஞ்சின் பற்றிய செய்திகள் உலவத் தொடங்கிவிடுகின்றன. சூப்பர் கார்கள் என்றால் இந்த ஆர்வம் இன்னும் கூடுதல். வாங்கப் போகிறவர்கள் சிலர். படித்துப் பேசி மகிழ்கிறவர்கள் பல்லாயிரம் பேர். மாணவர்கள் பலருக்கு இயந்திரவியலில் நாட்டம் ஏற்படுவதே இத்தகைய செய்திகளின் வழியாகத்தான். ஆனால் வெளிவரும் முன்பு ஊகித்ததற்கும் வெளிவந்த பிறகு கிடைத்ததற்கும் பெரிய இடைவெளி இருந்துவிடுவதுண்டு. சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய ஒரு தொழிற்சாலையின் வரலாறு அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்த வரலாற்றையும், அதைக்கொண்டு இன்றைய சூப்பர் கார் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊகங்கள் பிறக்கும் விதம்

ஒரு நிறுவனம் புதிய காரை உருவாக்கும்போது அதைப் பொதுச் சாலைகளில் ஓட்டிச் சோதிக்க வேண்டியுள்ளது. அப்போது உடற்பகுதியின் வளைவுகள் தெரியாதபடி கறுப்பு வெள்ளைச் சுருள் கோடுகள் கொண்ட தாள் ஒட்டப்படும். அந்த நிலையில் எடுக்கப்படும் படங்களே பெரும்பாலான ஊகங்களுக்கு முதல் மூலம். வடிவமைப்புக் காப்புரிமைப் பதிவுகள், அரசு அமைப்புகளிடம் தரப்படும் ஒப்புதல் விண்ணப்பங்கள், உதிரிபாகம் தயாரிப்போர் வழியாகக் கசியும் தகவல்கள் ஆகியவை அடுத்த மூலங்கள். எதிர்பார்ப்பை வளர்ப்பதற்காக நிறுவனமே சிறிது சிறிதாகச் செய்தி வெளியிடுவதும் உண்டு.

இவற்றில் முதலில் தெரியவருவது காரின் உருவம். எஞ்சினும் விலையும் கடைசியில்தான் உறுதியாகின்றன. உருவத்தைப் பார்த்து மற்ற இரண்டையும் நாமே நிரப்பிக்கொள்கிறோம். ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதற்குத் துணைநின்றது. முதலில் வான்கார்டு, அதன்பின் ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வரிசையாகக் கார்கள் வந்தன. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு விற்ற ஹெரால்டுக்கு 1960-களின் இறுதியில் நான்கு கதவுகள் வைத்து இந்தியாவுக்கென்றே தனி வடிவம் தந்தது சென்னை நிறுவனம். 1970-களில் கெசல் என்ற கார் வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கார் தயாரிப்பு நின்றுபோனது. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என மூன்று பெயர்களை மட்டுமே அறிந்திருந்த இந்தியக் கார் சந்தையில் ஒரு பெயர் குறைந்தது.

அதே நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காருடன் மீண்டும் வந்தது.

பெராரியின் சாயல் கொண்ட உருவம்

ஸ்டாண்டர்டு 2000 காரின் உருவம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரிலிருந்து பெறப்பட்டது. ரோவர் எஸ்டி1 1976-இல் வெளிவந்தது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் காராகத் தேர்வு பெற்றது. அதை வடிவமைத்த டேவிட் பேச், பெராரி டேடோனா காரின் முன்பகுதியிலிருந்து ஊக்கம் பெற்றிருந்தார். தாழ்ந்த முகப்பு, நீண்ட பக்கக்கோடு, பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு ஆகியவை அம்பாசடரையே பார்த்துப் பழகிய கண்களுக்குப் புதுமையாக இருந்தன. சூப்பர் கார் என்று இதை வகைப்படுத்த முடியாது. ஆனாலும் அன்றைய இந்தியாவில் தயாரான கார்களுள் சூப்பர் காரின் சாயலை நேரடியாகத் தாங்கி வந்தது இதுவே.

எஞ்சின் மாற்றம்

எஸ்டி1 கார் இங்கிலாந்தில் அறிமுகமானபோது அதில் இருந்தது 3528 கன சென்டிமீட்டர் அளவுள்ள வி8 எஞ்சின். அலுமினியத்தால் ஆன எடை குறைந்த அந்த எஞ்சினின் திறன் ஏறத்தாழ 155 குதிரைத்திறன். அந்நாட்டுக் காவல்துறையினர் நெடுஞ்சாலைப் பணிக்கு அந்தக் காரைப் பயன்படுத்தினர். 1982-இல் நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் எஞ்சினுடன் எளிய வகையொன்றும் அங்கே வந்தது. அதன் திறனும் 100 குதிரைத்திறன் அளவில் இருந்தது.

சென்னையில் தயாரான காரில் இவை இரண்டுமே இல்லை. 1940-களின் பிற்பகுதியைச் சேர்ந்த வான்கார்டு எஞ்சினின் 1991 கன சென்டிமீட்டர் வடிவமே பொருத்தப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ 83 குதிரைத்திறன்.

வான்கார்டு எஞ்சின் மட்டமானதன்று. பெர்குசன் டிராக்டரிலும் டிரையம்ப் டிஆர்2 விளையாட்டுக் காரிலும் அதே குடும்பத்து எஞ்சின் உழைத்திருக்கிறது. ஆனால் அதன் காலம் வேறு, அது சுமக்க வேண்டிய உடல் வேறு. 155 குதிரைத்திறனுக்காக வடிவமைத்த பெரிய உடலை அதில் பாதியளவே கொண்ட எஞ்சின் இழுக்க நேர்ந்தது. முந்திச் செல்லும் வேகமும் எரிபொருள் சிக்கனமும் ஒருசேரக் குறைந்தன.

இந்த மாற்றத்தை அக்காலச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது உரிம முறையும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் நிலவிய காலம். எஞ்சினை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும். உள்நாட்டுப் பாகங்களின் பங்கும் உயர்ந்திருக்க வேண்டும். புதிய எஞ்சினுக்குத் தனி உற்பத்தி வரிசை அமைக்கப் பெருமுதலீடு தேவை. அதே ஆண்டுகளில் வந்த கான்டெசா காரும் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் உடலில் அம்பாசடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டே அறிமுகமானது. ஆனால் கான்டெசாவுக்குப் பின்னர் ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் எஞ்சின் கிடைத்து, மேலும் பல ஆண்டுகள் சந்தையில் நின்றது. ஸ்டாண்டர்டு 2000 காருக்கு அப்படியொரு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

விலையும் முடிவும்

ஸ்டாண்டர்டு 2000 காரின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் விற்பனைக்கு வந்திருந்தது. நான்கு மாருதி வாங்கும் பணத்தில் ஒரு ஸ்டாண்டர்டு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் எஸ்டி1 காரின் தயாரிப்பே 1986-இல் முடிவுற்றது. அங்கே விடைபெற்றுக்கொண்டிருந்த உருவமும், அதற்கு முன்பே காலாவதியான எஞ்சினும் இங்கே புதிய காராக ஒன்றுசேர்ந்தன.

1988-இல் தயாரிப்பு நின்று தொழிற்சாலை மூடப்பட்டது. நாற்பது ஆண்டுக் காலம் கார் கட்டிப் பழகிய தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வாதாரம் அதோடு போனது. கார் வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தனர். பயன்படுத்தாமல் எஞ்சிக் கிடந்த உடற்பகுதித் தகடுகளையும் பாகங்களையும் பிற்காலத்தில் இங்கிலாந்தின் உதிரிபாக வணிக நிறுவனம் ஒன்று மொத்தமாக வாங்கிக்கொண்டது. சென்னைக் கிடங்கில் கிடந்த பாகங்கள் அங்குள்ள பழைய ரோவர் கார்களுக்கு உயிர் கொடுத்தன.

கன அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எஞ்சினின் கன அளவை உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தாலேயே கணக்கிடலாம். டிரையம்ப் டிஆர்2 எஞ்சினில் உருளையின் விட்டம் 83 மில்லிமீட்டர். உந்துதண்டு நகரும் தூரம் 92 மில்லிமீட்டர். ஓர் உருளையின் கன அளவு ஏறத்தாழ 498 கன சென்டிமீட்டர். நான்கு உருளைகளுக்கு 1991.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் ஏஎம்ஜி நிறுவனம் 2022-இல் தன் சி63 காரில் இருந்த 4 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. அதன் விட்டமும் 83, தூரமும் 92. ஆகவே கன அளவும் அதே 1991. ஆனால் அந்த எஞ்சினின் திறன் மட்டும் 476 குதிரைத்திறன். மின்மோட்டாரையும் சேர்த்தால் 680.

ஒரே கன அளவில் 83-உம் வரலாம், 476-உம் வரலாம் என்பது இதிலிருந்து தெளிவு. காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ, எரிபொருளைத் துல்லியமாகத் தெளிக்கும் அமைப்பு, உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் உலோகங்கள், கணினிக் கட்டுப்பாடு ஆகியவையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். எனவே வரவிருக்கும் காரில் எஞ்சின் சிறிதாகிறது என்ற செய்தியை மட்டும் கொண்டு, திறன் குறைகிறது என்று முடிவு செய்யலாகாது. அதேபோல், திறன் கூடிவிட்டது என்பதால் எல்லோரும் நிறைவடைவார்கள் என்றும் கூற முடியாது. சி63 காரின் திறன் உயர்ந்தும், வி8 எஞ்சினின் ஒலி போய்விட்டதே என்று அதன் அன்பர்கள் குறைபட்டுக்கொண்டனர்.

இன்றைய சூப்பர் கார்களில் எஞ்சின் மாற்றம்

மாசு வெளியீட்டு விதிகளும் ஒலிக் கட்டுப்பாடும் கடுமையாகி வருவதால் பெரும்பாலான நிறுவனங்கள் மின்மோட்டாரைத் துணைக்கு அழைத்துள்ளன. லம்போர்கினி ஹுராகான் காரில் 5.2 லிட்டர் வி10 எஞ்சின் இருந்தது. அதன் இடத்தில் 2024-இல் அறிமுகமான டெமராரியோவில் 4 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சினும் மூன்று மின்மோட்டார்களும் உள்ளன. மொத்தத் திறன் 920 குதிரைத்திறன்.

அதனால் எல்லா நிறுவனங்களும் ஒரே திசையில் செல்கின்றன என்றும் கொள்ளக்கூடாது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினின் காலம் முடிந்தது என்று பலரும் ஊகித்துக்கொண்டிருந்த வேளையில், பெராரி 2024-இல் டர்போவோ மின்மோட்டாரோ இல்லாத 6.5 லிட்டர் வி12 எஞ்சினுடன் 12சிலிண்ட்ரி காரை வெளியிட்டது. லம்போர்கினியின் ரெவுவெல்டோ காரிலும் வி12 தொடர்கிறது, ஆனால் மின்மோட்டார்களின் துணையுடன்.

இந்தியாவில் விலைக் கணக்கு

வெளிநாட்டு விலையை ரூபாய்க்கு மாற்றி, இதுதான் இந்திய விலை என்று வெளியிடுவது ஊகச் செய்திகளில் அடிக்கடி நிகழும் பிழை. முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் காருக்குப் பல படிகளில் வரி சேர்கிறது. துறைமுகத்தை வந்தடையும்போது ஒரு காரின் மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. இறக்குமதி வரிகள் 110 விழுக்காடு: 1.10 கோடி. இப்போது மதிப்பு 2.10 கோடி.
2. அந்தத் தொகையின் மீது சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு: 84 லட்சம். இப்போது 2.94 கோடி.
3. தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள்கால சாலை வரி 20 விழுக்காடு: 58.8 லட்சம். இப்போது 3.528 கோடி.

விற்பனையாளரின் இலாபமும் காப்பீடும் இதில் சேரவில்லை. ஒரு கோடி மதிப்புள்ள கார் தியாகராய நகரிலோ அடையாற்றிலோ வீட்டு வாசலுக்கு வரும்போது மூன்றரைக் கோடியைத் தாண்டுவது இப்படித்தான். டெமராரியோ 2025-இல் இந்தியாவில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் விற்பனையக விலையில் அறிமுகமானது. சாலை வரி அதற்கு மேல்.

வரி பற்றிய தலைப்புச் செய்திகளும் திசைதிருப்பக்கூடும். 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் விலையுயர்ந்த கார்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 70 விழுக்காடாகக் குறைந்தது. இனி விலை சரியும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் வேளாண் உள்கட்டமைப்புக்கான கூடுதல் வரி 40 விழுக்காடு சேர்ந்ததால் மொத்தம் பழையபடி 110-ஆகவே நின்றது. மாறாக, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி என்ற அறிவிப்பு வரி உயர்வு போலத் தோன்றியது. முன்பு 28 விழுக்காட்டு வரியோடு 20 அல்லது 22 விழுக்காடு இழப்பீட்டு வரியும் இருந்ததால் அது உண்மையில் குறைப்பே. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தம் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கார்களுக்குச் சுங்கவரியைப் படிப்படியாக 10 விழுக்காடு வரை குறைக்க வழிசெய்கிறது. எத்தனை கார்களுக்கு, எந்த ஆண்டில் என்பதைப் பார்த்த பின்னரே விலையைப் பேச முடியும்.

நம் சாலைகள்

ஸ்டாண்டர்டு 2000 இந்தியச் சாலைகளுக்காகச் சற்று உயர்த்தப்பட்டு, தாங்கிகள் வலுவூட்டப்பட்டு வந்தது. இன்றைய சூப்பர் கார்கள் பலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பகுதி சில சென்டிமீட்டர் உயரும் வசதி உண்டு. மயிலாப்பூர்த் தெருக்களின் வேகத்தடைகளைக் கடக்க அது பயன்படும். சென்னையில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு முதன்மைச் சாலைகளில் மணிக்கு 60 கிலோமீட்டரும் குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டரும் வேக வரம்பாக உள்ளன. 300 கிலோமீட்டர் வேகம் என்ற எண்ணை இந்த வரம்புக்கு அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

செய்தியைப் படிக்கும் முறை

வரவிருக்கும் கார் பற்றிய ஒரு செய்தியைப் படிக்கும்போது கீழ்க்காணும் வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்.

- செய்தியின் மூலம் படமா, காப்புரிமைப் பதிவா, நிறுவனத்தின் அறிவிப்பா?
- சொல்லப்படும் எஞ்சின் எந்த நாட்டில் விற்கும் காருக்கு உரியது? இந்தியாவுக்கும் அதுவேதானா?
- கன அளவோடு திறன், எடை ஆகியவையும் தரப்பட்டுள்ளனவா? திறனை எடையால் வகுத்தால் என்ன கிடைக்கிறது?
- விலை வரிக்கு முந்தையதா, விற்பனையக விலையா, சாலைக்கு வரும் விலையா?
- உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் எங்கே கிடைக்கும்?

1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரை வாங்க நினைத்தவர் இரண்டாவது, மூன்றாவது வினாக்களைக் கேட்டிருந்தாலே அழகிய உருவத்துக்குள் இருப்பது எது என்று தெரிந்திருக்கும்.