கணிப்பொறிக்கு நாடி பார்ப்போமா?

என்னிடம் பட்டப் படிப்பில் இயற்பியல் பயின்ற மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். வீடுகளுக்கு உள் அலங்காரம் வடிவமைத்துக் கொடுப்பது இப்போது அவள் தொழில். வீட்டின் வரைபடத்தைக் கணிப்பொறியில் வரைவாள். பிறகு, கட்டி முடித்தால் கூடம் எப்படித் தோன்றும், சமையலறை எப்படித் தோன்றும் என்று புகைப்படம் போலவே ஒரு படம் தயாரித்துக் காட்டுவாள்.

"சார், என் லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது. பெரிய டெஸ்க்டாப் ஒன்றுக்கு விலை கேட்டேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொல்கிறார்கள். அம்மா தன் வளையல்களை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வளையல் என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நாடி பார்க்காமல் மருந்து சொல்லலாமா? "ஸ்டாப் வாட்ச் இருக்கிறதல்லவா? ஒரு நாள் முழுவதும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து எழுதிக் கொண்டு வாம்மா. அதுவரை கடைப் பக்கம் போகாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அட்டவணையோடு வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் எழுதிய பழக்கம் போகவில்லை. மொத்தம் 600 நிமிட வேலை. யோசித்து வரைவதற்கு 300 நிமிடம். வாடிக்கையாளர்களோடு பேச 50 நிமிடம். கோப்புகளைத் திறக்க, சேமிக்க, ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் காத்திருந்தது 100 நிமிடம். படம் தயாரிக்க 150 நிமிடம்.

புதிய இயந்திரம் படம் தயாரிப்பதில் பத்து மடங்கு வேகம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை அப்படியே நம்புவோம். 150 நிமிடம் 15 ஆகிவிடும். மொத்தம் 465. 600-ஐ 465-ஆல் வகுத்தால் சுமார் 1.3. பத்து மடங்கு வேகம் என்றார்களே, அது எங்கே போயிற்று? சரி, கண் இமைப்பதற்குள் படம் தயாரிக்கும் இயந்திரமே கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் மற்ற வேலைகளுக்கு 450 நிமிடம் வேண்டுமே! 600-ஐ 450-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.33-ஐத் தாண்டாது.

ஜீன் அம்தால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் 1967-இல் எடுத்துக் காட்டிய உண்மை இது. நம் பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரியும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து மாவு அரைக்கலாம், பத்து அடுப்பில் இட்லி வேக வைக்கலாம். மாவு புளிப்பதற்கு ஓர் இரவு வேண்டும். அதை யார் வந்தாலும் அவசரப்படுத்த முடியாது.

இனி அந்த 100 நிமிடக் காத்திருப்பைக் கவனிப்போம். எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான்.

கணிப்பொறியின் மூளை எனப்படும் பிராசஸர், வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று கொள்வோம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளியே 10 சென்டிமீட்டர் தூரம்தான் செல்லும்! இவ்வளவு நுண்ணிய நேரம் நம் மனத்தில் பதியாது. ஆகையால் ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று நீட்டிக் கொள்வோம். அந்தக் கணக்கில், ரேம் என்னும் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டு வர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலிருந்து கொண்டு வர மூன்று, நான்கு நாட்கள். சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து? கிட்டத்தட்ட ஒரு வருடம்! நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரும்வரை பிராசஸர் கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ரேமில் இடம் இருக்கும்வரை இந்தத் தொல்லை குறைவு. இடம் நிரம்பிவிட்டால், கணிப்பொறி சில தகவல்களை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைக்கும். பிறகு வேண்டும்போது மறுபடி ஏற்றும். சமையல் மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணில் ஏற்றி இறக்கிச் சமைப்பதைப் போல.

அவளுடைய லேப்டாப்பில் இதைச் சோதித்தோம். எந்த உறுப்பு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் என்ற பகுதி கணிப்பொறியிலேயே உண்டு. வேலை தேங்கி நின்றபோது அதைத் திறந்தோம். ரேம் நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் நூற்றுக்கு நூறு. பிராசஸரோ 15 சதவீதத்தில் இளைப்பாறிக் கொண்டிருந்தது. இன்னும் வேகமான பிராசஸர் வாங்கியிருந்தால், அதுவும் இன்னும் வேகமாக இளைப்பாறியிருக்கும்!

ரேமை இரண்டு மடங்காக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினாள். டெஸ்க்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. (எல்லா லேப்டாப்பிலும் இப்படிச் செய்ய முடியாது. பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்தே பற்ற வைத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காத வழக்கம்.) 100 நிமிடக் காத்திருப்பு 20 ஆகக் குறைந்தது. படம் தயாரிக்கும் 150 நிமிடத்தில் 120 நிமிடம் இறுதிப் படங்களுக்கானது. அதை இரவு தூங்கப் போகும்போது ஓட விட்டாள். பகலில் மாதிரிப் படங்களுக்கு வேண்டிய 30 நிமிடம் மட்டும் மிஞ்சியது. ஆக, பகல் வேலை 400 நிமிடம். புதிய டெஸ்க்டாப் வந்திருந்தாலும் 373-க்குக் கீழே போயிராது. 27 நிமிடத்துக்கு அம்மாவின் வளையலா?

கதை இதோடு முடியவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். கட்டட நிறுவனம் ஒன்று, வீட்டுக்குள் நடந்து போவது போல 30 வினாடி ஓடும் படம் கேட்டிருந்தது. வினாடிக்கு 25 படங்கள் வீதம் 750 படங்கள். ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். பெருக்கிப் பாருங்கள்: 9000 நிமிடம், அதாவது 150 மணி. லேப்டாப் ஆறு நாளைக்கு மேல் இரவு பகலாக ஓட வேண்டும். சுவரின் நிறத்தை மாற்றச் சொன்னால் இன்னும் ஆறு நாள்.

இப்போது என் பதில் மாறிவிட்டது. அரைக்க வேண்டிய மாவு மலையாகக் குவிந்திருக்கிறது, புளிக்க வைக்கும் வேலை இல்லை. ஒரு படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பல நூறு ஒளிக்கதிர்கள் எங்கே மோதி எப்படித் திரும்புகின்றன என்று கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியின் கணக்கு அடுத்த புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கணக்குப்பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து போடலாம். கிராஃபிக்ஸ் கார்டு என்பது அத்தகைய கூட்டம்தான். கதிர்களைக் குறைத்தால் படம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த மணலைப் பாதியாக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும்! ஆகவே இந்த வேலைக்கு எவ்வளவு வேகம் கொடுத்தாலும் போதாது.

நல்ல லேப்டாப்பே வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தடை வெப்பம். 1985-இல் வந்த இன்டெல் 80386 பிராசஸரின் துடிப்பு வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம். 2004-இல் அது 380 கோடியை எட்டியது. இருநூறு மடங்குக்கும் மேல். அதற்குப் பின் இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட ஏறவில்லை. துடிப்பை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். செலவாகும் திறனோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று மட்டுமே 200 முதல் 300 வாட் வரை எடுத்துக் கொள்கிறது. அந்த வெப்பத்தை டெஸ்க்டாப்பின் அகன்ற பெட்டியும் பெரிய விசிறிகளும் சமாளிக்கும். மெல்லிய லேப்டாப் சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்.

டெஸ்க்டாப் வாங்கினாள். கட்டட நிறுவனம் தந்த முன்பணத்தில் பாதி. மீதியை மாதத் தவணையில் கட்டி வருகிறாள். வளையல்கள் அம்மாவின் கையிலேயே இருக்கின்றன.

பழக்கம் விடாமல் மறுபடி அளந்தாள். கணக்கிடும் பகுதியில் இயந்திரம் சரியாகப் பத்து மடங்கு வேகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு படத்துக்கு 720 வினாடி ஆனது. இப்போது 72 வினாடி ஆக வேண்டுமல்லவா? ஆனது 81 வினாடி. அப்படியானால் பழைய 720 வினாடியில், வேகம் பெறாத பகுதி எத்தனை வினாடி? காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

(விடை: 10 வினாடி. படத்தின் விவரங்களை ஏற்றவும், முடிந்த படத்தைச் சேமிக்கவும் ஆன நேரம் அது.)