உஷார்! மூன்று கிழமைக் கலியாணம்

நல்லூரில் கொடி ஏறினால் கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடும். 25 நாள் திருவிழா, பின்னால் ஆவணி முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு லீவு மூன்று கிழமை. அதற்குள் பெண் பார்த்து, பொன்னுருக்கி, தாலி கட்டி, பதிவாளர் முன் எழுத்தும் முடித்து, பிளேன் ஏற வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே, கவனம்!

பேசிச் செய்கிற கலியாணத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நல்ல முறை என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்த முறையின் உயிர் விசாரிப்பில் இருந்தது. கரவெட்டியில் ஒரு பொடியனைப் பேசினால், பெண்ணின் மாமன் ஏதோ அலுவலாகப் போகிற மாதிரி அந்த ஒழுங்கைக்குள் போய் நாலு பேரிடம் கதை கொடுத்துவிட்டு வருவார். குடிக்கிறானா, கடன் இருக்கிறதா, முன்னம் எங்கேயும் பேசிக் குழம்பியதா என்பதெல்லாம் பின்னேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். ரொறன்ரோவில் இருக்கிறவனை யார் விசாரித்தார்கள்? தரகர் சொன்னார், வட்ஸ்அப்பில் படம் வந்தது, குறிப்புப் பொருந்தியது. குறிப்பில் செவ்வாய் தெரியும். அங்கே ஏற்கனவே ஒரு மனைவி இருப்பது தெரியாது. சடங்கையும் செலவையும் பிடித்துக்கொண்டு, காவலாக இருந்த விசாரிப்பைக் கைவிட்டுவிட்டோம். ட்ரோன் கமெராவுக்குக் காசு கொடுக்கிற வீட்டில் அவன் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு ஃபோன் எடுக்க ஆளில்லை.

மணமாகாதவன் என்பதற்கு அந்த நாட்டு அத்தாட்சியைக் கேளுங்கள். விவாகரத்தானவன் என்றால் நீதிமன்றத்தின் முடிவான தீர்ப்பைக் கேளுங்கள். கேட்டதற்காகக் குழம்புகிற சம்பந்தம் குழம்பட்டும். முதல் மணம் இருக்க இன்னொன்று செய்தால் இலங்கையில் 7 ஆண்டு வரை சிறை என்பது உண்மைதான். அதனால் உங்கள் பிள்ளைக்கு என்ன வந்தது? கனடா மாப்பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. அவனே ஒருத்தியின் ஸ்பொன்சரில் போய்ப் பிரிந்தவனாக இருந்தால், நிரந்தர வதிவுரிமை கிடைத்து 5 ஆண்டு முடியும்வரை வேறொரு மனைவியை அழைக்க முடியாது. தொலைபேசியிலும் இணையத்திலும் செய்த மணத்தை ஸ்பொன்சருக்கு அந்த நாடு 2015 முதல் ஏற்பதில்லை.

அடுத்தது எழுத்து. ஸ்பொன்சர் அலுவலுக்காக முதலில் எழுத்தை வைத்துவிட்டு, தாலியைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டாருக்கு அது நிச்சயதார்த்தம் மாதிரி. சட்டத்துக்கு அப்படியில்லை: பதிவாளர் முன் கையெழுத்து வைத்த நேரமே அவள் மனைவி. அவன் போய் ஃபோனை நிற்பாட்டிவிட்டால், தாலியே ஏறாத பிள்ளை விவாகரத்துக்காக மாவட்ட நீதிமன்றப் படி ஏறவேண்டும். பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என்று சட்டம் காட்டும் காரணங்கள் மூன்றே. எதிராளி வெளிநாட்டில் என்றால் அழைப்பாணை சேர்ப்பிக்கவே காலம் போகும். பிள்ளைக்கு வயதும் போகும்.

சீதனத்தில்தான் பெரிய இடி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ். தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். அதில் சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. தாயின் சீதனம் பெண்மக்களுக்குப் போவதுதான் பழைய வழக்கம். பெற்றவர்கள் கொடுப்பது மகளின் கையில் நிற்கவேண்டும் என்றே எழுதிவைத்தார்கள். இன்றைக்கு? வீட்டை இரண்டு பேர் பெயரிலும் எழுதச் சொல்கிறார்கள். டொனேசன் என்று காசு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அவரின் தங்கைக்குச் சீதனமாகிவிடுகிறது. துண்டுக் கடதாசிகூட இல்லை. இதைப் பாரம்பரியம் என்று சொல்லாதீர்கள்.

பெண் பெயரிலேயே எழுதினாலும் ஒரு பொறி இருக்கிறது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தாய்க்கு ஒப்பரேசன் என்று காசு தேவைப்படும்போது, கைவிட்டுப் போனவனின் கையெழுத்துக்கு எங்கே போவாள்? அவன் கைவிட்டாலோ இருப்பிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி வாங்கலாம். இந்த வழி பலருக்குத் தெரியாமல் காணி பற்றைபிடித்துக் கிடக்கிறது.

அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கையெழுத்து வைக்காதீர்கள். கொடுக்கிற காசு பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். சீதன உறுதியில் ஒப்பமிட முன்னம் நொத்தாரிசை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.